டூலிப் பார்க்கக் கடன் வாங்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். கணவர் தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். இருவர் சம்பளமும் சேர்த்துக் கைக்கு 84,000 ரூபாய் வருகிறது. வரும் ஏப்ரலில் எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம். நெதர்லாந்து போய் டூலிப் பூக்களைப் பார்க்க வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை. மகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் ஐந்து இரவு போய்வருவதாகத் திட்டம். ஒரு டிராவல் ஏஜென்ட் இருவருக்கும் 4.6 லட்சம் கேட்கிறார், விசா செலவு தனி. அதில் 3 லட்சத்தை 14 சதவீத வட்டிக்கு மூன்று வருட இஎம்ஐ-யாகக் கட்டலாம் என்கிறார். 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறோம். நவம்பரில் ஆர்டி முதிர்ந்து 1.4 லட்சம் வரும். எஃப்டி-யில் 2.5 லட்சம் இருக்கிறது. மகள் படிப்புக்காக மாதம் 8,000 எஸ்ஐபி போகிறது. எல்லாம் போக மாதம் 18,000 மிஞ்சும். இஎம்ஐ-யில் போகலாமா, எஃப்டி-யை உடைக்கலாமா, எஸ்ஐபி-யை நிறுத்தலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: மூன்றும் வேண்டாம் அம்மா. ஆனால் பயணம் போங்கள். இப்போது ஜூலை மாதம். ஏப்ரலுக்கு ஒன்பது மாதம் இருக்கிறது. உங்கள் ஆசைக்கு அந்த ஒன்பது மாதம் போதும்.

முதலில் அந்தக் கடனைப் பார்ப்போம். 3 லட்சம், 14 சதவீதம், 36 மாதம் என்றால் மாதத் தவணை சுமார் 10,250 ரூபாய். கட்டி முடிக்கும்போது 3.69 லட்சம் ஆகியிருக்கும். வட்டி மட்டும் 69,000. கீழே நான் போட்டிருக்கும் கணக்கில் நெதர்லாந்தில் ஐந்து இரவு தங்குவதற்கு ஆகும் செலவும் கிட்டத்தட்ட அதே தொகைதான். மாதம் மிஞ்சுகிற 18,000-ல் பாதிக்கு மேல் மூன்று வருடத்துக்குக் கட்டிப்போடுவது உங்கள் வீட்டுக்குத் தாங்காது. எஃப்டி-யைத் தொட வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம், உங்கள் வீட்டுச் செலவு மாதம் 58,000 என்று வருகிறது. 2.5 லட்சம் நான்கு மாதத்துக்குத்தான் தாங்கும். அவசரத்துக்கு இருக்கும் பணமே அது ஒன்றுதான். எஸ்ஐபி மகளுடையது, அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சரி, நீங்களே ஏற்பாடு செய்துகொண்டால் எவ்வளவு ஆகும்? யூரோவை 110 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். விமானம் இருவருக்கும் 1.2 லட்சம். விசா, இன்சூரன்ஸ், அது தொடர்பான அலைச்சல் எல்லாம் 28,000. தங்குமிடம் இரவுக்கு 125 யூரோ வீதம் ஐந்து இரவுக்கு 68,750. சாப்பாடு இருவருக்கும் நாளைக்கு 40 யூரோ வீதம் ஆறு நாளைக்கு 26,400. ரயில், பஸ், டிராம் 150 யூரோ, அதாவது 16,500. நுழைவுச்சீட்டு, சைக்கிள் வாடகை எல்லாம் 160 யூரோ, அதாவது 17,600. ஈரோட்டிலிருந்து விமான நிலையம் போய்வர, சிம் கார்டு, மழைக்கோட்டு என்று 15,000. கூட்டினால் 2.92 லட்சம். எதிர்பாராத செலவுக்கு 28,000 சேர்த்தால் 3.2 லட்சம். ஆர்டி 1.4 லட்சம், ஒன்பது மாதச் சேமிப்பு 1.62 லட்சம் என்று உங்கள் கைக்கு 3.02 லட்சம் வரும். குறைவது 18,000 மட்டும். அதைத் தீபாவளி போனஸில் எடுத்துவையுங்கள்.

இந்தத் தொகைக்குள் நிற்பதும் தாண்டுவதும் இரண்டு முடிவுகளில் இருக்கிறது. எந்தத் தேதியில் போகிறீர்கள், எந்த ஊரில் தூங்குகிறீர்கள். மற்றதில் எல்லாம் நூறு இருநூறு மிச்சம் பிடிக்கலாம், ஆனால் ஆயிரக்கணக்கில் ஏறுவதும் இறங்குவதும் இந்த இரண்டில்தான்.

லிஸ்ஸே என்ற ஊரில் இருக்கும் கூக்கன்ஹாஃப் தோட்டம் வருடத்தில் எட்டு வாரம்தான் திறந்திருக்கும். மார்ச் மூன்றாம் வாரம் வாக்கில் திறந்து மே இரண்டாம் வாரம் வாக்கில் மூடுவார்கள். 32 ஹெக்டேர், வருடத்துக்குச் சுமார் 70 லட்சம் கிழங்குகள் நடுகிறார்கள். டூலிப் நன்றாக இருப்பது பெரும்பாலும் ஏப்ரல் நடுவில். ஏப்ரல் 27 அரசர் தினம், நாடு முழுக்கத் திருவிழா, அதையொட்டி அறை வாடகை எகிறிவிடும். ஈஸ்டர் வார இறுதியும் அப்படித்தான். அதனால் ஏப்ரல் இரண்டாம் வாரக் கடைசியிலிருந்து 23-ம் தேதிக்குள், ஞாயிறு போய் இறங்கி வெள்ளி கிளம்புவது மாதிரி போடுங்கள். கல்யாண நாள் அந்தத் தேதிக்கு வெளியே விழுந்தால் அன்று வீட்டில் பாயசம் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஊர். ஏஜென்ட் போட்டிருப்பது ஆம்ஸ்டர்டாம் ஹோட்டலாகத்தான் இருக்கும். அங்கே வாட் வரி நீங்கலான அறை வாடகை மேல் 12.5 சதவீதம் சுற்றுலா வரி. 2026 ஜனவரியிலிருந்து தங்குமிடத்துக்கான வாட் வரி நாடு முழுக்க 9-லிருந்து 21 சதவீதமாக ஏறியிருக்கிறது. ஆன்லைனில் காட்டும் விலையில் சுற்றுலா வரி பல சமயம் சேர்ந்திருக்காது. 160 யூரோ அறைக்கு இன்னும் 16 யூரோ அளவில் அங்கே போனபின் கேட்பார்கள். அதனால் ‘வரி உட்பட’ என்ற மொத்தத் தொகையைப் பார்க்காமல் எந்த அறையையும் ஒப்பிடாதீர்கள்.

நான் உங்களுக்குச் சொல்வது லைடன். ஷிப்போல் விமான நிலையத்திலிருந்து ரயிலில் இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். ஆம்ஸ்டர்டாம் அங்கிருந்து சுமார் 35 நிமிடம், ஹேக் நகரம் கால் மணி நேரம். கூக்கன்ஹாஃப் பஸ் லைடன் ஸ்டேஷன் வாசலிலிருந்தே கிளம்பும். கால்வாய்கள், பழைய வீடுகள், காற்றாலை எல்லாம் ஊருக்குள்ளேயே நடந்து பார்க்கலாம். நெதர்லாந்தில் டூலிப் பேர் பெற்ற கதையும் இந்த ஊரில்தான் தொடங்குகிறது. கரோலஸ் க்ளூசியஸ் என்ற தாவரவியலாளர் 1590-களில் இங்கே பல்கலைக்கழகத் தோட்டத்தில் நட்டு வளர்த்தார். நாற்பது வருடத்தில் பணக்காரர்கள் கிழங்கு ஒன்றுக்கு எக்கச்சக்க விலை கொடுக்க ஆரம்பித்து, மண்ணுக்குள் இருக்கும் கிழங்கை வெறும் சீட்டாக எழுதிக் கைமாற்றி, 1637 பிப்ரவரியில் ஹார்லம் நகரில் ஒரு ஏலத்துக்கு ஆள் வராமல் போக, விலை மொத்தமாகச் சரிந்தது. அந்த வியாபாரத்துக்கு டச்சுக்காரர்கள் வைத்த பேரே ‘காற்று வியாபாரம்’. பணக் கணக்குப் பார்த்து ஆலோசனை சொல்லும் என் தொழிலில் இருப்பவன் அந்த ஹார்லம் தெருக்களில் நடக்கும்போது கொஞ்சம் நின்றுதான் போவான். லைடனில் அறை கிடைக்காவிட்டால் ஹார்லத்தில் பாருங்கள், அதுவும் ஆம்ஸ்டர்டாமுக்கு இருபது நிமிடம்தான்.

தோட்டத்துக்கு நுழைவுச்சீட்டு ஆளுக்கு 20 யூரோவை ஒட்டி வரும். தேதியும் நேரமும் குறித்து ஆன்லைனில் முன்பே எடுக்க வேண்டும். வார நாள், காலை முதல் நேரம் எடுங்கள். அதற்கு ஒரு நாள் கொடுத்தீர்களா, அடுத்த நாள் இருவரும் சைக்கிள் வாடகைக்கு எடுத்து லிஸ்ஸேயைச் சுற்றியிருக்கும் வயல்களுக்குப் போங்கள். அதற்குக் கட்டணமே கிடையாது. மஞ்சள் விளைகிற ஊர்க்காரர் நீங்கள், மண்ணுக்கு அடியில் இருப்பதுதான் காசு என்று உங்களுக்குத் தெரியும். அங்கேயும் அப்படித்தான். விவசாயி விற்பது பூவை அல்ல, கிழங்கை. பூ நன்றாக மலர்ந்ததும் சத்து கிழங்குக்குப் போகட்டும் என்று மெஷினை ஓட்டித் தலையை மட்டும் வெட்டிவிடுவார்கள். நான் போனபோது காலையில் சிவப்பாகப் பார்த்த ஒரு பாத்தி சாயங்காலம் திரும்பி வரும்போது வெறும் பச்சைத் தண்டாக நின்றது. இதழ்கள் வரப்போரம் ஈரமாகக் குவிந்து கிடந்தன. அதனால் வயலை முதல் இரண்டு நாளிலேயே பார்த்துவிடுங்கள், கடைசி நாளுக்குத் தள்ள வேண்டாம். பாத்திக்குள் மட்டும் இறங்காதீர்கள். செருப்பில் ஒட்டி வரும் நோய் ஒரு வயலையே பாழாக்கும் என்று அவர்கள் பயப்படுகிறார்கள்.

ஆம்ஸ்டர்டாமுக்கு ஒன்றரை நாள் போதும். மியூசியம் ஒன்று மட்டும் எடுங்கள், ரைக்ஸ்மியூசியமோ வான்கோ மியூசியமோ, இருவருக்கும் 50 யூரோ ஆகிவிடும். ஹிட்லர் காலத்தில் ஒளிந்திருந்து டைரி எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் வீட்டைப் பார்க்க ஆசை இருந்தால் அதற்குச் சீட்டு ஆறு வாரம் முன்பு செவ்வாய்க்கிழமைகளில் திறப்பார்கள், அன்றே எடுத்துவிட வேண்டும். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் அகன்ற நீர்ப்பரப்பைக் கடக்கும் படகு எல்லோருக்கும் இலவசம்.

ரயில், பஸ், டிராம் எல்லாவற்றிலும் உங்கள் கார்டையே தட்டிப் போகலாம். ஏறும்போது தட்டுவது போல இறங்கும்போதும் தட்ட வேண்டும். மறந்தால் ரயிலில் 20 யூரோ வரை பிடித்துக்கொள்ளும். ஒரு கார்டில் இருவர் போக முடியாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். அதனால் யூரோவை முன்பே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு இரண்டாக வாங்குங்கள். சாதாரண கிரெடிட் கார்டில் 3.5 சதவீத மார்க்அப், அதன் மேல் ஜிஎஸ்டி என்று போகும். அங்கே செலவாகும் 1.3 லட்சத்துக்கு அது 5,000 ரூபாய்க்கு மேல். கடையில் மெஷின் ‘ரூபாயிலா, யூரோவிலா’ என்று கேட்டால் எப்போதும் யூரோ. ரொக்கம் 100 யூரோ போதும், அங்கே ரொக்கமே வாங்காத கடைகள் நிறைய.

வெளிநாட்டுப் பணத்துக்கு டிசிஎஸ், அதாவது நம்மிடம் பணம் வாங்குபவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி, பிடிப்பார்களே என்ற பயம் வேண்டாம். நீங்களே மாற்றும் பணம் நிதியாண்டுக்கு 10 லட்சத்தைத் தாண்டினால்தான் அது. பேக்கேஜாக வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே பிடிப்பார்கள், பிறகு ரிட்டர்னில்தான் திரும்பப் பெற வேண்டும்.

சாப்பாட்டுக்கு நாளைக்கு 40 யூரோ என்றால் ஒருவேளை மட்டும் வெளியே, மற்றதெல்லாம் சூப்பர்மார்க்கெட். அன்றைக்குத் தேதி முடியும் உணவுக்குச் சாயங்காலம் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோகலாம். நெய்யும் பால்கோவாவும் வேண்டாம், பால் பொருட்களையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. ஏப்ரலிலும் குளிர் இருக்கும், காற்று குடையைப் பிரட்டிவிடும். ஊட்டிக்குப் போட்ட ஸ்வெட்டரும் தொப்பி வைத்த மழைக்கோட்டும் போதும்.

இனி பணம் கொடுக்க வேண்டிய வரிசை. விசா முதலில், விமானம் பிறகு. நெதர்லாந்து உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, மறுத்தால் திரும்ப வராது. 30,000 யூரோ மருத்துவ இன்சூரன்ஸ் கட்டாயம். சாதாரணமாக 15 நாளில் முடிவு சொல்வார்கள், சில சமயம் 45 நாள் ஆகும். டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை போய்க் கொடுத்துவிடுங்கள். அறையை இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு முன்பே பதிவு செய்யலாம். விமானத்துக்கு அப்போது முன்பதிவுத் தாள் மட்டும் கொடுத்து, விசா கைக்கு வந்தபின் ஜனவரியில் ஆர்டி பணத்தில் டிக்கெட் எடுங்கள். சென்னையை மட்டும் பார்க்காமல் பெங்களூரு, கொச்சி கட்டணத்தையும் பாருங்கள், ஈரோட்டிலிருந்து மூன்றுக்கும் ரயில் இருக்கிறது.

விசாவுக்காக யாரிடமாவது கைமாற்று வாங்கி அக்கவுன்ட்டில் போட்டுக் காட்டச் சொல்வார்கள். செய்யாதீர்கள். டச்சுக்காரர்கள் கேட்பது ஆளுக்கு நாளைக்கு 55 யூரோ கையில் இருக்கிறதா என்பதைத்தான். உங்கள் இருவருக்கும் ஆறு நாளைக்கு 660 யூரோ, சுமார் 73,000 ரூபாய். அது உங்களிடம் சொந்தமாகவே இருக்கும். திடீரென்று வந்து விழும் 3 லட்சம்தான் கேள்வியைக் கிளப்பும். சம்பளச் சீட்டு, வருமான வரி ரிட்டர்ன், இருவரின் லீவு கடிதம், மகள் இங்கே படிக்கிறாள் என்பதற்குப் பள்ளிச் சான்று, இவைதான் நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று சொல்லும் தாள்கள்.

அப்புறம் அந்த 10,000 முன்பணம். ரசீதை எடுத்து ரத்து விதி என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். உங்கள் பெயரில் டிக்கெட்டோ அறையோ இன்னும் போடவில்லை என்றால் முழுத் தொகையும் கேட்பதில் நியாயம் இருக்கிறது. போனில் பேசாமல் மின்னஞ்சலில் கேளுங்கள். கடன் படிவம் ஏதாவது கையெழுத்து போட்டிருந்தால் அதை ரத்து செய்ததற்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் தருவோம் என்றாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். 10,000 போய்விடுமே என்று 69,000 வட்டிக்குள் இறங்க வேண்டாம்.