மாத்திரை வீடு வரை வந்தால் போதுமா?

கேள்வி: எங்கள் தெருவுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' அக்கா மாதம் தவறாமல் வந்து பிபி பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் என் நாத்தனார் ஊரில் எப்போதாவதுதான் ஆள் வருகிறாராம். திட்டம் ஒன்றுதானே, ஏன் இப்படி?
- ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: நாத்தனார் வீட்டில் பகலில் யாராவது இருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். கிண்டலில்லை. காலையிலேயே நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் கிளம்பிவிடுகிற ஊரில் பதினோரு மணிக்கு பிபி மிஷினோடு போனால் பூட்டுதான் கண்ணில் படும். நான் பார்த்த ஒரு ஊரில் அந்தப் பெண் ஏழு மணிக்கே பால் சொசைட்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார், கேனோடு வருகிறவர்கள் வரிசையில் நின்றபடியே கையை நீட்டிவிட்டுப் போகிறார்கள். எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத யோசனை, அவருடையதே.

2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும் சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் அது கட்டுக்குள் இருந்தது. அரசு மாத்திரை இலவசம்தான், ஆனால் அதை வாங்க ஒரு நாள் கூலியை விட்டு பஸ் ஏறணுமே! 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இந்தத் திட்டம் மிச்சப்படுத்துவது அந்தக் கூலியைத்தான்.

சுய உதவிக் குழுவிலிருந்து உள்ளூர்ப் பெண்ணையே எடுத்தார்கள், ஆரம்பத்தில் மாதம் 4,500 ரூபாய். உள்ளூர் என்பது பலம், அதுவே வம்பும். பெண்ணுக்கு வரன் பார்க்கிற வீட்டில் "எனக்கெல்லாம் சர்க்கரை இல்லம்மா" என்று வாசலோடு அனுப்பிவிடுவார்கள், ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். அப்புறம் அவர் எந்தத் தெருவுக்குள் நுழைகிறார், எதை 'அடுத்த வாரம்' என்று தள்ளிப்போடுகிறார் என்று பாருங்கள், சாதியைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது.

சர்க்கரை பார்க்கிற சுகர் ஸ்ட்ரிப் தீர்ந்துபோவது தனிக் கதை. இரண்டு மாதம் வெறுங்கையோடு வந்தால் மூன்றாவது மாதம் யாரும் எழுந்து வர மாட்டார்கள். பிபிக்கு வலி கிடையாது, மாத்திரையை விட்டதும் உடம்புக்கு உடனே தெரியாது.

சரி, நாத்தனார் துணை சுகாதார நிலையத்துக்குப் போய் கிராம சுகாதார செவிலியரிடம் தங்கள் ஊருக்கான அந்தப் பணியிடம் காலியா என்று கேட்கட்டும். ஆள் இருந்தால் போன் நம்பர் வாங்கி, தாங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தைச் சொல்லிவிடட்டும். காலி என்றால் கிராம சபையில் எழுப்பலாம். அதுவரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிக்கொள்ளட்டும், மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம்.