கேட்டைச் சாத்தியது நாத்தனார் இல்லை

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): எனக்கு வயது 40. அருப்புக்கோட்டை பக்கம் ஒரு கிராமம். தபால் வழியில் பி.ஏ. தமிழ் முடித்தேன், எம்பிசி (மிகவும் பிற்படுத்தப்பட்டோர்) பிரிவு. தனியார் பள்ளி ஒன்றில் வேலை. கணவர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறார். மகன் கல்லூரி முதலாண்டு, மகள் எட்டாவது. மாமியார் எங்களோடு இருக்கிறார், நூறு நாள் வேலைக்குப் போய் வருகிறார். டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 4 தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 2024-ல் எழுதினேன், 200 கேள்வியில் 141 சரி, வேலை கிடைக்கவில்லை. 2025-ல் டிபன், மதியச் சமையல் எல்லாம் முடித்துவிட்டுக் கிளம்பியதில் கொஞ்சம் தாமதமாகி, உள்ளே விடவில்லை. "இந்த வயசுல ஆபீஸுக்குப் போயி என்ன செய்யப் போற?" என்று நாத்தனார் எல்லார் முன்னாலும் கேட்கிறார். எனக்கே என் மேல் நம்பிக்கை போய்விட்டது. புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடலாமா? தன்னம்பிக்கை வர வழி சொல்லுங்கள்.

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் நாத்தனார் பேச்சுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். மதியச் சமையலுக்கு அரை வரி. நான் பேச வேண்டியது அந்த அரை வரியைத்தான்.

2025 ஜூலை 12, சனிக்கிழமை. தேர்வு காலை 9.30-க்கு. 9 மணிக்கு மேல் யாரையும் உள்ளே விட மாட்டார்கள் என்று ஹால் டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்தது. அதை நீங்கள் படித்திருப்பீர்கள். படித்துவிட்டும் அடுப்படியில் நின்றீர்கள். டிபனைக்கூட விடுங்கள், பசிக்குத் தேவை என்று வைத்துக்கொள்வோம். மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிடப் போகிற குழம்பைக் காலை ஏழு மணிக்கு நீங்கள் ஏன் தாளித்தீர்கள்? தேர்வே 12.30-க்கு முடிந்துவிடுமே! வீட்டில் கல்லூரிக்குப் போகிற பையன் இருந்தான். மண்வெட்டி பிடித்து வேலைக்குப் போகிற மாமியார் இருந்தார். அந்தக் கைக்கு ஒரு நாள் உலை வைக்க வராதா? கணவருக்கு வண்டி எடுக்க வராதா? இவர்களில் ஒருவரிடமாவது வாய் திறந்து கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

உங்கள் மகன் பிளஸ் டூ எழுதிய காலையில் வீடு எப்படி இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. எனக்குத் தெரியும். முந்தைய நாளே பேனாவும் ஹால் டிக்கெட்டும் எடுத்து வைத்திருப்பீர்கள். டிவி ஓடியிருக்காது. அப்பா கடைக்குத் தாமதமாகப் போவதாகச் சொல்லிவிட்டு வண்டியில் கொண்டுபோய் விட்டிருப்பார். பாட்டி திருநீறு பூசி அனுப்பியிருப்பார். ஆக, அந்த வீட்டுக்குத் தேர்வு என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். உங்களுடையதும் ஒரு தேர்வு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இதைப் போன்ற கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. நீங்கள் தவறவிட்ட அந்த 2025 தேர்வுக்குச் சுமார் 13.9 லட்சம் பேர் விண்ணப்பித்து, சுமார் 11.5 லட்சம் பேர்தான் எழுதினார்கள். வராமல் போன இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் எத்தனை பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்களோ என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

குடும்பத்துக்காக விட்டுக்கொடுப்பது பெரிய குணம்தான். அதை நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் வீட்டில் யாரும் கேட்காததை நீங்களாகத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பிறகு உள்ளுக்குள் புழுங்குவது விட்டுக்கொடுப்பதில் சேராது. அதோடு, பதினெட்டு வயதுப் பையனுக்குச் சோறு வடிக்கத் தெரியாமல் வளர்ப்பது தாய்ப்பாசமும் இல்லை. நாளைக்கு இன்னொரு வீட்டுப் பெண் அவனுக்காக இதே போல அடுப்படியில் நிற்பாள். அந்தப் பாவத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு.

நாத்தனார் பேசுவார், பேசட்டும். தேர்வு மையத்தின் கேட்டைச் சாத்தியது அவர் இல்லை. வயதைப் பற்றி அவர் சொல்வதும் சரியில்லை: உங்களைப் போல எம்பிசி பிரிவில் பட்டம் பெற்றவர்களுக்கு இளநிலை உதவியாளர் போன்ற பதவிகளுக்கு நாற்பது ஒரு தடையே இல்லை. விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) பதவிக்கு 42 வரை என்ற கணக்கு. மொத்தப் பணியிடத்தில் பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது.

141 போதாது. அதை மழுப்ப மாட்டேன். ஆனால் பள்ளிக்கூட வேலையும் வீட்டு வேலையும் முடித்து, இரவு பத்து மணிக்கு மேல் படித்து எடுத்த 141 அது. பத்து மணிக்கு முன்னால் உங்களுக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தால் எவ்வளவு வரும் என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை, நீங்கள் உட்பட.

அதனால் இந்த வாரமே பேசுங்கள். இரவு எட்டிலிருந்து பத்து வரை உங்கள் நேரம். பாத்திரம் மகன் பொறுப்பு. தேர்வில் பாதிக் கேள்வி, அதாவது 100, தமிழில்தான். அதற்கு ஆறாவது முதல் பத்தாவது வரையிலான பள்ளிப் புத்தகங்களே அடிப்படை. எட்டாவது புத்தகம் உங்கள் மகள் பையிலேயே இருக்கிறது, இருவரும் சேர்ந்து படிக்கலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டத்தின் மூலம் இலவச வகுப்பு நடத்துகிறார்கள், போய் விசாரியுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் 9.30 முதல் 12.30 வரை கதவைச் சாத்திக்கொண்டு 200 கேள்விக்கும் ஒரே மூச்சில் விடை எழுதிப் பாருங்கள். அந்த மூன்று மணி நேரம் யார் கூப்பிட்டாலும் எழுந்து வராதீர்கள். மாவு தீர்ந்ததா, சிலிண்டர் தீர்ந்ததா என்பதை வெளியே இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். உங்களுக்குக் கேள்வித்தாள் பழகுகிற அதே நேரத்தில் அவர்களுக்கு அடுப்பு பழகும்.

கணவர் "எதுவும் சொல்வதில்லை" என்று பேச்சுவாக்கில் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அவரிடம் பாராட்டையோ ஊக்கத்தையோ எதிர்பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வேலையைக் கேளுங்கள். அடுத்த தேர்வன்று காலை ஏழரைக்கு வண்டியில் கொண்டுபோய் விட வேண்டும் என்று இப்போதே சொல்லிவையுங்கள். மறுத்தால், அவர் சொன்ன காரணத்தை அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்கள். அதற்கு அவருக்கே பதில் எழுதுகிறேன்.

புத்தகங்களை எடைக்குப் போடக் கூடாது.