ஒரே அட்டமைசர், இரண்டு மோட்: பேட்டரிக் கணக்கு மட்டும் வேறு

கேள்வி: லண்டன் குரோய்டனில் இருக்கிறேன். பல வருடம் சிகரெட் பிடித்துவிட்டு, தீர்ந்ததும் தூக்கிப்போடும் வேப்புக்கு (மின் சிகரெட்) மாறினேன். 2025 ஜூன் 1 முதல் இங்கே அவற்றை விற்கத் தடை வந்துவிட்டதால், ஒற்றை 18650 பேட்டரி (ரீசார்ஜ் செய்யும் லித்தியம் அயான் பேட்டரி) போடும் ரெகுலேட்டட் மோட் (வேப்பின் பேட்டரிப் பகுதி, உள்ளே சிப் இருப்பது) வாங்கினேன். இப்போது நண்பர் ஒருவர் குழாய் வடிவ மெக்கானிக்கல் மோட் ஒன்றையும், நாமே காயில் (சூடேறும் கம்பிச் சுருள்) கட்டி, திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொள்ளும் ட்ரிப்பர் அட்டமைசரையும் (திரவத்தை ஆவியாக்கும் மேல்பகுதி) கொடுத்திருக்கிறார். ட்ரிப்பரில் இரட்டைக் காயில், 0.15 ஓம். கூடவே வந்த பேட்டரியின் உறையில் '40 ஆம்பியர்' என்று அச்சிட்டிருக்கிறது. இந்த ட்ரிப்பரை இரண்டு மோடிலும் மாற்றி மாற்றிப் போடலாமா? டிசம்பரில் சென்னை போகும்போது எடுத்துப் போகலாமா?

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் காயிலையும் அந்தப் பேட்டரியையும் சேர்த்து மெக்கானிக்கல் மோடில் போடாதீர்கள். சும்மா ஒருமுறை அழுத்திப் பார்க்கக்கூட வேண்டாம். ரெகுலேட்டட் மோடில் அதே ட்ரிப்பரைப் போடலாம், வாட்டை அளவாக வைத்துக்கொண்டு, நல்ல பேட்டரியோடு. ஒரே பொருளுக்கு ஏன் இரண்டு விதமான பதில் என்பது புரிந்துவிட்டால், நாளைக்கு வேறு காயில் கட்டும்போது யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

மெக்கானிக்கல் மோடுக்குள் சர்க்யூட் என்று எதுவுமே இல்லை. பழைய டார்ச் லைட்டின் அமைப்புதான்: குழாய், பேட்டரி, பொத்தான், பல்பு இருக்க வேண்டிய இடத்தில் காயில். பொத்தானை அழுத்தினால் பேட்டரியின் முழு வோல்ட்டேஜும் நேராகக் காயிலுக்குப் போகிறது. எவ்வளவு கரன்ட் ஓடும் என்பதைக் காயிலின் மின்தடைதான் முடிவு செய்கிறது. பள்ளியில் படித்த ஓம் விதிதான்: வோல்ட்டேஜை மின்தடையால் வகுக்க வேண்டும். முழுதாக சார்ஜ் ஆன பேட்டரியில் 4.2 வோல்ட். அதை 0.15-ஆல் வகுத்தால் 28 ஆம்பியர். பேட்டரிக்குச் சுமை ஏறும்போது வோல்ட்டேஜ் கொஞ்சம் இறங்கும், பொத்தானிலும் திருகிலும் சிறிது வீணாகும், எனவே உண்மையில் ஓடுவது 28-ஐவிடக் குறைவாக இருக்கும். ஆனால் அந்தக் குறைவை நம்பிக் காயில் கட்டக் கூடாது. எப்போதும் 4.2-ஐ வைத்தே கணக்குப் போடுங்கள்.

அப்புறம் அந்த '40 ஆம்பியர்'. வேப் கடைகளில் கிடைக்கும் பல பேட்டரிகள், வேறு யாரோ செய்த செல்லை (உறைக்குள் இருக்கும் பேட்டரியை) வாங்கிப் புதிய பிளாஸ்டிக் உறை போட்டு விற்பவை. உறையில் இருக்கும் எண் சில விநாடித் துடிப்புக்கான எண்ணாக இருக்கலாம், வெறும் விளம்பரமாகவும் இருக்கலாம். நீங்கள் பார்க்க வேண்டியது தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தரும் என்பதை. நன்கு தெரிந்த 18650 செல்களையே எடுத்துக்கொள்ளுங்கள்: சாம்சங் 25ஆர், கொள்ளளவு 2,500 மில்லி ஆம்பியர் ஹவர், 20 ஆம்பியர். எல்ஜி ஹெச்ஜி2, 3,000, அதுவும் 20 ஆம்பியர். சாம்சங் 30க்யூ, 3,000, ஆனால் 15 ஆம்பியர்தான். உங்கள் 28 ஆம்பியர் இந்த மூன்றுக்குமே அதிகம். பெயர் தெரியாத செல்லின் உறையில் 40 என்று போட்டிருந்தால், அது என்ன செல் என்று தெரியும்வரை பயன்படுத்தாமல் இருப்பதே சரி.

இதில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 18650 செல்களை வேப்புக்காகத் தனியாக வாங்கிப் பயன்படுத்தக் கூடாது என்றுதான் அவற்றைத் தயாரிக்கும் பெரிய நிறுவனங்களே எச்சரிக்கின்றன. பாதுகாப்பு சர்க்யூட்டோடு கூடிய பேட்டரித் தொகுப்புகளுக்குள் வைப்பதற்காகச் செய்யப்பட்டவை அவை. அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில் தனி 18650 செல்களை வாங்க வேண்டாம் என்றே சொன்னது. அந்நாட்டின் தீயணைப்பு நிர்வாகம் 2017-ல் வெளியிட்ட அறிக்கை, 2009 தொடங்கி 2016 முடிய 195 வேப் தீ, வெடிப்புச் சம்பவங்களைத் திரட்டியது. 133 பேருக்குக் காயம், அவற்றில் 38 கடுமையானவை. 2018 மே மாதம் ஃபுளோரிடாவில் ஒருவரும், 2019 ஜனவரியில் டெக்சாஸில் ஒருவரும் வேப் வெடித்து இறந்தார்கள். உலோகக் குழாய்க்குள் செல் வெடித்தால் வாயு வெளியேறப் போதிய வழி இருக்காது. குழாயின் ஏதாவது ஒரு முனை பிய்த்துக்கொண்டு பறக்கும். பொத்தானை அழுத்தும் நேரத்தில் அந்த முனை நம் முகத்துக்கு நேராக இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

குறைந்த ஓமில் இன்னொரு சிக்கலும் உண்டு, பலரும் கவனிப்பதில்லை. சாதாரண ஓம் மீட்டர்கள் 0.02 ஓம்வரை கூடக் குறையக் காட்டலாம். 0.5 ஓம் காயிலில் இந்தப் பிழை பெரிதில்லை: 8.4 ஆம்பியர் என்று நினைத்த இடத்தில் 8.75 ஓடும், அவ்வளவுதான். உங்கள் 0.15 உண்மையில் 0.13-ஆக இருந்தால் 28 என்பது 32 ஆகிவிடும். மின்தடை குறையக் குறைய, அளவில் வரும் சின்னப் பிழையும் பேட்டரியின் தலையில் பெரிதாக விழும்.

மெக் மோடை விடவே மனமில்லை என்றால், செல்லின் தொடர் ஆம்பியரில் பாதிக்குமேல் போகாத காயிலாகக் கட்டுங்கள். 20 ஆம்பியர் செல்லுக்கு 10 ஆம்பியர் அளவு. அதாவது 0.42 ஓமுக்குக் கீழே இறங்கக் கூடாது, 0.5 இருந்தால் நிம்மதி. 26 கேஜ் (தடிமன் அளவு) கான்தல் (இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த உலோகம்) கம்பியை 3 மில்லிமீட்டர் குச்சியில் ஆறு சுற்று சுற்றினால் ஏறத்தாழ 0.8 ஓம் வரும். ஒற்றைக் காயிலாக அது 5 ஆம்பியர் சொச்சம்தான் இழுக்கும். ஆனால் அதே மாதிரி இரண்டு காயில் போட்டால் மின்தடை பாதியாகி 0.4-க்கு வந்துவிடும், கரன்ட் இரட்டிப்பாகும். புதிதாகக் கட்டுபவர்கள் சறுக்கும் இடம் இதுதான்: ஒரு காயிலுக்குப் பார்த்த எண்ணை இரண்டுக்கும் நினைத்துக்கொள்வது. கட்டி முடித்த பிறகு மொத்தமாக அளந்த எண்தான் கணக்கு. கம்பி கான்தல், நிக்ரோம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மூன்றில் ஒன்றாக இருக்கட்டும். சுத்த நிக்கலும் டைட்டானியமும் வெப்பக் கட்டுப்பாடு உள்ள ரெகுலேட்டட் மோடுக்கு மட்டுமே. நிக்கல் குளிர்ந்திருக்கும்போது மின்தடை மிகக் குறைவு, 0.1 ஓம் நிக்கல் காயில் மெக் மோடில் முதல் கணத்திலேயே 42 ஆம்பியர் கேட்கும்.

குழாய் மோட் என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் மேல் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே தனியாக ஒரு பாசிட்டிவ் பின் இல்லாமல், அட்டமைசரின் அடிமுனை நேராகப் பேட்டரியின் தலையைத் தொடுமானால் அதற்கு ஹைப்ரிட் என்று பெயர். அட்டமைசரின் அடியில் நடுவில் இருப்பது பாசிட்டிவ், சுற்றியுள்ள திருகு முழுக்க நெகட்டிவ். நடுப் பின் திருகைவிடத் தெளிவாக வெளியே நீண்டிருந்தால்தான் பேட்டரியை அது மட்டும் தொடும். சமமாக இருந்தாலோ, அழுத்தினால் உள்ளே போகிற மாதிரி இருந்தாலோ, திருகும் சேர்ந்து பேட்டரியின் தலையில் உட்காரும். அப்போது காயிலே தேவையில்லை, நேரடி ஷார்ட் சர்க்யூட். ரெடிமேட் காயில் போடும் டேங்குகள் (திரவத்தைத் தேக்கி வைக்கும் அட்டமைசர்கள்) பலவற்றில் பின் இப்படிச் சமமாகத்தான் இருக்கும், அவற்றை ஹைப்ரிட் மேல் வைக்கவே கூடாது. ரெகுலேட்டட் மோடில் ஸ்பிரிங் பின் தனியாக இருப்பதால் இந்த ஆபத்து இல்லை. உங்களுடையது ஹைப்ரிட் என்றால் என் ஆலோசனை, நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கற்றுக்கொள்ளும் கையில் இருக்க வேண்டிய பொருள் அல்ல அது.

ஹைப்ரிட் இல்லை என்றாலும் குழாயில் வாயு வெளியேறத் துளைகள் இருக்கின்றனவா, பொத்தானைப் பூட்ட முடிகிறதா என்று பாருங்கள். பூட்டு இல்லாத மெக் மோட் பைக்குள் தானாக அழுந்திக்கொண்டே இருக்கும். தடுக்க உள்ளே எதுவும் இல்லை. பேட்டரியின் உறையையும் தினமும் பாருங்கள். 18650-ன் பக்கமும் அடியும் முழுக்க நெகட்டிவ், தலையில் இருக்கும் சின்ன வட்டம் மட்டுமே பாசிட்டிவ். இரண்டையும் பிரிப்பது ஒரு மெல்லிய வளையமும் பிளாஸ்டிக் உறையும்தான். மேல் விளிம்பில் நகக்கீறல் அளவு கிழிந்திருந்தாலும் அதைப் போடாதீர்கள். புது உறை மலிவு, ஹேர் டிரையரின் சூட்டிலேயே சுருங்கி ஒட்டிக்கொள்ளும். பள்ளம் விழுந்த செல்லை மட்டும் எந்த உறையாலும் காப்பாற்ற முடியாது, மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுங்கள். மெக் மோட் தானாக நிற்காது என்பதால், ஆவி மெலிந்ததும் பேட்டரியை எடுத்துவிட வேண்டும். மீட்டரில் 3.5 வோல்ட்டுக்கு மேலேயே இருக்கட்டும். சார்ஜ் செய்யத் தனி சார்ஜர் வாங்குங்கள்.

இனி ரெகுலேட்டட் மோட். இங்கே பேட்டரிக்கும் காயிலுக்கும் நடுவே ஒரு சிப் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் வாட் சொல்கிறீர்கள், காயிலுக்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்பதை அது பார்த்துக்கொள்கிறது. எனவே பேட்டரிமேல் விழும் சுமைக்கும் காயிலின் ஓமுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. 40 வாட்டில் வைத்தால் 0.15 ஓம் காயிலாக இருந்தாலும் 0.8 ஓம் காயிலாக இருந்தாலும் பேட்டரி தருவது அதே 40 வாட்தான், சிப்பில் வீணாவது மட்டும் கூடுதல். கணக்கு இப்படி: வாட்டைப் பேட்டரியின் வோல்ட்டால் வகுங்கள், சிப்பில் பத்து சதவீதம் போகும் என்று வையுங்கள். பேட்டரி தீரும் நிலையில் 3.2 வோல்ட் என்றால், 40 வாட்டுக்குப் பேட்டரி சுமார் 14 ஆம்பியர் தர வேண்டும். 50 வாட்டுக்கு 17-க்கு மேல். 80 வாட்டுக்கு 28 ஆம்பியர் பக்கம் போய்விடும். ஒற்றைப் பேட்டரி மோடின் அட்டைப்பெட்டியில் 80 வாட் என்று போட்டிருந்தாலும், 20 ஆம்பியர் செல்லோடு 50-க்குமேல் போக வேண்டாம். 15 ஆம்பியர் செல் என்றால் 40 போதும்.

இரண்டு மோடும் நேர் எதிராக நடந்துகொள்வதைக் கவனியுங்கள். மெக்கில் கரன்ட் அதிகம் ஓடுவது சார்ஜரிலிருந்து இப்போதுதான் எடுத்த புதுப் பேட்டரியில், தீரத் தீரக் குறையும். ரெகுலேட்டடில் வாட் மாறாமல் இருக்க வேண்டும் என்பதால், வோல்ட்டேஜ் இறங்க இறங்கச் சிப் அதிகக் கரன்ட்டை உறிஞ்சும். ஒன்றில் 4.2-ஐ வைத்துக் கணக்கு, மற்றதில் தீரும் நிலை வோல்ட்டேஜை வைத்துக் கணக்கு. ட்ரிப்பரை இங்கும் அங்குமாக மாற்றுபவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தை மறந்துவிடுவதுதான் எனக்குக் கவலை.

வாட்டுக்குப் பதில் ஒரு குமிழ் மட்டும் வைத்த மோட்களும் சந்தையில் உண்டு. அவற்றில் சில கரன்ட்டை விட்டுவிட்டு வேகமாகத் துடிக்க வைத்து சராசரியைக் குறைப்பவை. ஒவ்வொரு துடிப்பிலும் பேட்டரிமேல் விழுவது ஓம் விதிப்படியான முழுக் கரன்ட். அவற்றுக்கும், ரெகுலேட்டட் மோடிலேயே இருக்கும் பைபாஸ் முறைக்கும் (சிப் ஒதுங்கிக்கொண்டு பேட்டரியின் வோல்ட்டேஜை நேராகக் காயிலுக்கு விடுவது), மெக் மோடின் கணக்கையே போடுங்கள்.

உங்கள் ரெகுலேட்டட் மோட் இன்னொரு வேலையும் செய்யும்: அதுவே ஓம் மீட்டர். புதிதாகக் கட்டிய எந்தக் காயிலையும் முதலில் அதில் வைத்துப் பாருங்கள், மெக்கில் போடப் போவதாக இருந்தாலும். காயில் கட்டும்போது மோடில் பேட்டரி இருக்கக் கூடாது. காயில் கால்களை ஒட்ட வெட்டி, டெக்கையோ (காயில் உட்காரும் அடித்தட்டு) மேல் மூடியையோ எங்கும் தொடவில்லை என்று வெளிச்சத்தில் பாருங்கள். திருகுகளை இறுக்கி மோடில் வைத்து, எண் நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள். 0.45, 0.6, திரும்ப 0.45 என்று அலைந்தால் எங்கோ கால் தளர்ந்திருக்கிறது. பிறகு 15, 20 வாட்டில் ஒரு விநாடி, இரண்டு விநாடி என்று விட்டுவிட்டு அழுத்துங்கள். நடுவிலிருந்து வெளியே சீராகச் சிவக்க வேண்டும். ஓரிடம் மட்டும் சுடர்ந்தால், அழுத்துவதை நிறுத்திவிட்டு செராமிக் இடுக்கியால் சுற்றுகளைச் சேர்த்து அழுத்துங்கள். கான்தலுக்குச் செய்யும் இந்தச் சிவக்க வைக்கும் வேலையை டைட்டானியத்துக்குச் செய்யக் கூடாது. அதற்குப் பிறகுதான் திரவத்தை உறிஞ்சும் பஞ்சைக் காயிலுக்குள் வைக்க வேண்டும். பஞ்சு காய்ந்துபோய்க் கருகினால் வரும் காரநெடியில் ஃபார்மால்டிஹைடும் அக்ரோலினும் இருக்கும், அந்த இழுப்பை அங்கேயே நிறுத்துங்கள். ட்ரிப்பரில் சில இழுப்புக்கு ஒருமுறை திரவம் விட வேண்டும், டேங்க் பழக்கத்தில் மறந்துபோகும்.

திரவத்தையும் மாற்றியாக வேண்டும். நீங்கள் விட்ட டிஸ்போசபிள்களில் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் நிகோடின் இருந்திருக்கும், பிரிட்டனில் அதுதான் உச்ச வரம்பு. ட்ரிப்பரில் ஒரே இழுப்பில் பல மடங்கு ஆவி வரும். அதே 20-ஐ இதில் விட்டால் தலைசுற்றலும் குமட்டலும் வரும். 3 மில்லிகிராமில் தொடங்குங்கள். சிகரெட்டைவிட இதில் தீங்கு குறைவு என்பது சிகரெட்டை விட்டவருக்கான பேச்சு. சிகரெட்டே பிடிக்காத உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதைத் தொட எந்த நியாயமும் இல்லை. நிகோடின் திரவமும் பேட்டரிகளும் அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

சென்னைக்கு எடுத்துப் போக வேண்டாம். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு மின் சிகரெட் தடைச் சட்டம் இறக்குமதி, விற்பனை, கொண்டுசெல்லுதல், விளம்பரம் எல்லாவற்றையும் தடை செய்கிறது. காயில், அட்டமைசர் என்று தனித்தனியாகக் கழற்றி வைத்தாலும் சுங்கத்தில் வாதாட முடியாது. வழியில் சிங்கப்பூரில் இறங்குவதாக இருந்தால் இன்னும் மோசம், அங்கே கையில் வைத்திருப்பதே குற்றம். பயணத்துக்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் நிகோடின் பட்டையோ சூயிங்கமோ கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் விட்டுச் செல்லும் செல்களை மோடிலிருந்து எடுத்து, 3.7 வோல்ட் அளவில் பாதி சார்ஜோடு, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். சாவியும் சில்லறையும் கிடக்கும் இழுப்பறையில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.