வாடிக்கையாளர் நம்பர் மாறினால் என்ன செய்வது?

கேள்வி: பம்ப்செட் உதிரி பாகங்கள் மொத்த வியாபாரம் செய்கிறோம். வாடிக்கையாளர் விவரம் எல்லாம் எக்செல்லில் இருக்கிறது. நம்பரோ முகவரியோ மாறினால் யாரும் தனியாகச் சொல்வதில்லை, மெயிலின் அடியில் புதிதாகப் போட்டு அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். போன மாதம் ஒரு லோடு பழைய குடோனுக்குப் போய்த் திரும்பிவிட்டது. மெயிலைப் பார்த்து ஷீட் தானாகவே மாறும்படி செய்யலாமா?
– வாசகி ஒருவர், கோவை

பதில்: செய்யலாம், ஆனால் முழுக்கத் தானாக வேண்டாம். மெயிலில் கிடைத்த நம்பர் நேராகப் பழைய நம்பரை அழித்துவிட்டு உட்காரக் கூடாது. 'பார்க்க வேண்டியவை' என்று தனி ஷீட் போட்டு அதில் வந்து விழட்டும், சாயங்காலம் ஒருவர் பார்த்து ஏற்றட்டும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பதிலுக்குப் பதில் என்று நீண்டுபோன மெயிலின் அடியில் கிடப்பது பல நேரம் உங்கள் கடை நம்பராகவே இருக்கும், மெயிலைப் படித்து ஷீட்டில் எழுதும் ஸ்கிரிப்ட்டுக்கு (சின்ன புரோகிராமுக்கு) அது தெரியாது, அதையும் வாடிக்கையாளர் கணக்கில் எழுதிவிடும். அவர் இந்த முறை புதிதாக எழுதிய பகுதியை மட்டும் படிக்கும்படி அமைக்கச் சொல்லுங்கள். ஜிமெயில் என்றால் அந்தத் தனி ஷீட்டைக் கூகுள் ஷீட்டில் போடுங்கள், அதிலேயே இருக்கும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் வசதி போதும்.

வாடிக்கையாளரை அடையாளம் காண மெயில் முகவரியை வைத்துக்கொள்ளுங்கள், பெயரை அல்ல. ஒரே பெயரில் நாலு டிரேடர்ஸ் இருப்பார்கள். ஒரே ஆபீஸ் மெயிலில் முதலாளியும் எழுதுவார், கணக்குப் பிள்ளையும் எழுதுவார், அதனால் ஷீட்டில் கம்பெனிக்கு ஒரு வரிசை, ஆளுக்கு ஒரு வரிசை என்று போடுங்கள். அப்புறம், நம்பர் போடும் கட்டங்களை முதலிலேயே டெக்ஸ்ட்டாக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 0422 என்று அடித்தால் எக்செல் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விழுங்கிவிடும்.

முகவரி மாறினால் இன்னும் கவனம் தேவை. ஓசூரில் இருந்தவர் கடையையே பெங்களூருக்கு மாற்றிவிட்டால் அவருடைய ஜிஎஸ்டி எண்ணும் மாறும். தமிழ்நாட்டுக்கான 33 என்று தொடங்கியது கர்நாடகாவுக்கான 29 என்று ஆகும், நடுவில் உள்ள பான் எண் மட்டும் அப்படியே இருக்கும். பழைய எண்ணிலேயே பில் போட்டுவிட்டால் அவருக்கும் தலைவலி, உங்களுக்கும் தலைவலி. ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலே எண்ணைப் போட்டால் பெயரும் வியாபார முகவரியும் வரும், அதைப் பார்த்துவிட்டே மாற்றுங்கள்.

சப்ளையர் விவரத்தையும் இப்படி வைத்திருந்தால், வங்கிக் கணக்கை மட்டும் மெயிலை நம்பி மாற்றவே மாற்றாதீர்கள். "எங்கள் அக்கவுண்ட் மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்" என்று சப்ளையர் பெயரில் வருகிற மெயிலால் பணத்தை இழந்த நிறுவனங்கள் ஏராளம். அந்த மெயிலில் கொடுத்திருக்கும் நம்பருக்கே போன் செய்து கேட்டால் எடுப்பவனும் மோசடிக்காரனாகவே இருப்பான். ஷீட்டில் இருக்கும் பழைய நம்பருக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். அதற்காகத்தான் பழைய நம்பரை அழிக்காதீர்கள் என்கிறேன். பக்கத்திலேயே இன்னொரு கட்டத்தில், எந்தத் தேதியில் மாறியது என்ற குறிப்போடு இருக்கட்டும்.