4 டிபி ஹார்டு டிஸ்கில் 2048 ஜிபி மட்டும் கிடைப்பது பற்றி

விண்டோஸ் 7 கணினியில் இரண்டாவதாகப் பொருத்திய 4 டிபி டிஸ்கில் 2048 ஜிபி மட்டுமே பயன்படுத்த முடிகிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்த டிஸ்கில் பழுதில்லை. டிஸ்கின் பகுதிகளைப் பதிவுசெய்யும் பழைய முறையான எம்பிஆரிலிருந்து புதிய முறையான ஜிபிடிக்கு அதை மாற்றினால், இப்போது 'அன்அலோகேட்டட்' (ஒதுக்கப்படாதது) என்று கருப்புப் பட்டையாக நிற்கும் 1678 ஜிபியும் பயன்பாட்டுக்கு வந்துவிடும்.

எம்பிஆர் அட்டவணை ஒவ்வொரு செக்டாரையும் (டிஸ்கின் சிறு சேமிப்புத் துண்டு) 32 பிட் எண்ணால் குறிப்பதால், 512 பைட் கணக்கில் அதன் எல்லை 2048 ஜிபியோடு முடிகிறது. விண்டோஸ் 7 முதன்முதலில் டிஸ்கைத் தொடங்கக் கேட்டபோது எம்பிஆர் தேர்வாகியிருக்க வேண்டும்.

1. விண்டோஸிலுள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில், பட்டையின் மீதல்லாமல், இடப்பக்கம் 'டிஸ்க் 1' என்றிருக்கும் சாம்பல் நிறப் பெட்டியின் மீது வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் வால்யூம்ஸ் பகுதியிலுள்ள 'பார்ட்டிஷன் ஸ்டைல்' வரியைப் பாருங்கள்.

2. எம்பிஆர் என்றிருந்தால், அந்த டிஸ்கின் வால்யூம்களை (சேமிப்புப் பகுதிகளை) நீக்கிவிட்டு, அதே சாம்பல் நிறப் பெட்டியின் மீது வலது கிளிக் செய்து 'கன்வெர்ட் டு ஜிபிடி டிஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வால்யூம் எஞ்சியிருக்கும்வரை இந்தத் தேர்வு மங்கலாகவே இருக்கும்.

வால்யூமை நீக்கினால் அதிலுள்ள கோப்புகள் அனைத்தும் போய்விடும் என்பதால், முதலில் அவற்றை வேறிடத்தில் நகலெடுங்கள். நீக்குவது விண்டோஸ் இருக்கும் பழைய டிஸ்கான 'டிஸ்க் 0' அல்ல என்பதை அளவைப் பார்த்து உறுதிசெய்வதும் நல்லது.

கணினியைத் தொடங்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருள் உங்களிடம் புதிய வகையான யூஇஎஃப்ஐ அல்ல, பழைய பயாஸ் என்பதால், ஜிபிடி டிஸ்கிலிருந்து விண்டோஸ் தொடங்காது. விண்டோஸ் பழைய டிஸ்கிலேயே இருக்கட்டும், புதியது கோப்புகளுக்கு மட்டும். மாறாக, டிஸ்கின் மொத்த அளவே 1678 ஜிபி என்று காட்டினால், காரணம் பெரும்பாலும் டிஸ்கை மதர்போர்டுடன் இணைக்கும் சேட்டா கன்ட்ரோலரின் பழைய டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்)தான். மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய பதிப்பை நிறுவிவிட்டுப் பாருங்கள்.