மால்டாவில் நான்கு நாள் குளிர்காலம்: கேட்டதும் சொன்னதும்

மத்தியதரைக் கடலில் உள்ள தீவு நாடான மால்டாவுக்கு ஐந்து முறை போயிருக்கிறேன். ஐந்தும் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில்தான். மொத்தமே 316 சதுர கிலோமீட்டர் உள்ள நாடு என்பதால் நான்கு நாள் போதும். இந்த மாதம் வந்த கேள்விகளில் பொதுவானவற்றுக்கு இங்கே பதில்.

ஜனவரியில் போகிறோம். ஊட்டி மாதிரிக் குளிருமா அண்ணா? என்ன துணி எடுத்துக்கொள்வது? (மதுரை)

வெளியே குளிர் பெரிதாகத் தெரியாது தம்பி. பகலில் 15, 16 டிகிரி, இரவில் 9, 10. வெயில் அடித்தால் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நடப்பீர்கள். குளிர் இருப்பது வீட்டுக்குள். அந்த ஊர்க் கட்டடங்கள் தேன் நிறச் சுண்ணாம்புக்கல்லில் கட்டியவை. கோடை வெயிலுக்கு அது நல்லதுதான். மழைக்காலத்தில் அந்தக் கல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். முதல் முறை மலிவாகக் கிடைத்தது என்று ஒரு பழைய வீட்டில் அறை எடுத்தேன். படுக்கை விரிப்பு துவைத்துப் பிழிந்து போட்டதுபோல் சில்லென்று இருந்தது. துவைத்துக் காயப்போட்ட காலுறை மூன்றாம் நாளும் காயவில்லை. தொப்பியும் கோட்டும் போட்டுக்கொண்டுதான் தூங்கினேன்.

அதனால் அறை பதிவு செய்யும்போது கடல் தெரியுமா என்று கேட்பதற்கு முன்னால், சூடாக்கும் ஏசி உண்டா, அதற்கான மின்சாரம் வாடகையில் சேர்த்தியா என்று கேளுங்கள். துணி: தடித்த ஒன்றைவிட மெல்லியதாக மூன்று அடுக்கு, காற்றுப் புகாத மழைக்கோட்டு, வழுக்காத அடியுள்ள ஷூ. தலைநகர் வல்லெட்டாவின் படிகள் காலங்காலமாக மிதிபட்டுத் தேய்ந்தவை. நனைந்தால் பாசி பிடித்த குளத்துப் படிதான்.

விசா? (கோவை)

ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வாய்ப்பு 15 நாள் முன்பு, ஆனால் அதுவரை இழுக்காதீர்கள். குறைந்தது 30,000 யூரோ வரை செலவை ஏற்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும். ரோமில் 2 நாள், மால்டாவில் 4 நாள் என்றால், அதிக நாள் தங்கும் மால்டாவுக்குத்தான் விண்ணப்பம் போடவேண்டும்.

கடலில் குளிக்கலாமா? புளூ லகூன்? (பெங்களூரு)

தண்ணீர் 15, 16 டிகிரி இருக்கும். உள்ளூர்க் கிழவர்கள் சிலர் இறங்குவார்கள். நான் கணுக்காலோடு சரி. புளூ லகூன் இருக்கும் கொமினோ தீவுக்கு இந்த மாதங்களில் படகும் குறைவு. விட்டுவிடுங்கள்.

கோசோ தீவைக் கடைசி நாளுக்கு வைத்திருக்கிறோம், மறுநாள் அதிகாலை விமானம். சரியா? (லண்டன்)

சரியில்லை அம்மா. எல்லாரும் செய்யும் தப்பு இதுதான். குளிர்கால மால்டாவில் திட்டம் போடுவது நாமல்ல, காற்றுதான். வடகிழக்கிலிருந்து வரும் காற்றை அங்கே கிரிகால் என்பார்கள். அது எழுந்தால் வல்லெட்டாவிலிருந்து 45 நிமிடத்தில் கோசோ போகும் வேகப் படகுதான் முதலில் நிற்கும். வடக்கு முனையில் உள்ள சிர்க்கேவாவிலிருந்து வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு 25 நிமிடத்தில் போகும் பெரிய கப்பல் இரவு பகலாக ஓடும். ஆனாலும் காற்று முற்றினால் அதுவும் கரையைப் பிடித்துக்கொள்ளும். அப்படி ஒரு முறை கோசோவில் மாட்டி, பல்விளக்கும் பிரஷ்கூட இல்லாமல் ஓர் இரவு தங்கினேன். மறுநாள் விமானம் இல்லாததால் தப்பித்தேன்.

இறங்கிய அன்றே நான்கு நாள் காற்றைப் பாருங்கள். எந்த நாள் அமைதியோ அந்த நாள் கோசோவுக்கு. வல்லெட்டாவிலிருந்து 41ஆம் எண் பேருந்து சிர்க்கேவா போகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெரிய கப்பலில் போகும்போது யாரும் காசு கேட்கமாட்டார்கள். பயந்துவிடாதீர்கள், திரும்பும்போது சேர்த்து வாங்கிக்கொள்வார்கள். அங்கே ஜிகாந்தியா கோயில்களைத் தவறவிடக் கூடாது, ஏறக்குறைய கி.மு. 3600ஆம் ஆண்டைச் சேர்ந்தவை, எகிப்துப் பிரமிடுகளுக்கும் மூத்தவை. பழைய படங்களில் பார்த்த, கடலோரத்தில் ஜன்னல்போல் நின்ற பாறை வளைவைத் தேடிப் போகாதீர்கள். 2017 மார்ச் 8 அன்று புயலில் அது கடலுக்குள் விழுந்துவிட்டது.

பூமிக்கடியில் ஒரு கோயில் இருக்கிறதாமே, டிக்கெட் கிடைக்கவில்லை. வழி உண்டா? (சிங்கப்பூர்)

ஹைப்போஜியம். பாவ்லா என்ற ஊரில், சாதாரண வீடுகளுக்கு நடுவே, மூன்று அடுக்காகப் பாறைக்குள் குடைந்த இடுகாடு. 1902இல் வீடு கட்டுபவர்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் பாறையை வெட்டியபோது மேல்கூரை உடைந்துதான் வெளியே தெரிந்தது. மூச்சுக்காற்றும் ஈரமும் சுவரிலுள்ள செங்காவி ஓவியங்களைக் கெடுத்துவிடும் என்பதால் ஒரு நாளைக்கு 80 பேரைத்தான் விடுகிறார்கள். கோடையில் மாதக்கணக்கில் முன்பதிவு வேண்டும். குளிர்காலத்தில் கொஞ்சம் எளிது. இணையத்தில் இல்லையென்றால், மறுநாளைக்கான சில டிக்கெட்டுகளை முந்தின நாள் காலையில் வல்லெட்டாவின் செயின்ட் எல்மோ கோட்டையில் நேரில் விற்பார்கள். விலை கூடுதல்தான். கடை திறக்கும் முன்பே போய் நில்லுங்கள்.

டிசம்பர் 21ஐ ஒட்டிப் போகிறவர்கள் தெற்குக் கரையிலுள்ள இம்னைத்ரா கோயிலையும் விசாரியுங்கள். அன்று சூரியன் எழும்போது முதல் கதிர் வாசலைக் கடந்து ஒரு பெருங்கல்லின் விளிம்பில் விழும்.

நாங்கள் சைவம். பட்டினி கிடப்போமா? (சென்னை)

மாட்டீர்கள். பஸ்தீட்ஸி என்று ஒரு பலகாரம் மூலைக்கு மூலை சூடாகக் கிடைக்கும். மடிப்பு மடிப்பான மாவுக்குள் ஒன்றில் ரிக்கோட்டா சீஸ், இன்னொன்றில் மசித்த பட்டாணி. நடுவில் வாய் திறந்திருந்தால் சீஸ், பக்கவாட்டில் மூடியிருந்தால் பட்டாணி. பட்டாணி வகையை நம் சமோசாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி எனலாம். ஆனால் சில கடைகளில் மாவுக்குப் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆங்கிலம் ஆட்சிமொழி என்பதால் கேட்பதில் சிரமமில்லை. கண்ணாடித் தம்ளரில் பால் சேர்த்த டீ தருவார்கள், நம் டீக்கடை நினைவு வரும். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் காய்கறியும் ஆட்டுப்பால் சீஸ் உருண்டையும் போட்ட கைம்பெண் சூப்பைத் தேடுங்கள். பெயர்தான் அப்படி, வயிறு நிறைந்துவிடும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. மழை வேறு பெய்தால் என்ன பார்ப்பது? (டொரன்டோ)

வல்லெட்டா துறைமுகத்திலிருந்து மேல் பராக்கா தோட்டத்துக்கு 58 மீட்டர் ஏற்றும் லிஃப்ட் இருக்கிறது, படிக்கட்டு வேண்டாம். மழை நாளுக்கு செயின்ட் ஜான் பேராலயம். தரை முழுக்க வண்ணப் பளிங்கில், ஒரு காலத்தில் மால்டாவை ஆண்ட புனித யோவான் சபை வீரர்களின் கல்லறைகள், சுமார் 400. கூர்மையான ஹீல்ஸ் போட்டால் விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர்களுக்கு இல்லை.

உள்ளே ஒரு கூடத்தில் இத்தாலிய ஓவியர் கராவாஜியோ 1608இல் வரைந்த 'யோவானின் சிரச்சேதம்' ஒரு சுவர் முழுக்க இருக்கிறது. அவர் கையொப்பமிட்ட ஒரே ஓவியம் அதுதான். கையொப்பத்தைத் தேடாதீர்கள், யோவானின் கழுத்திலிருந்து வழியும் ரத்தத்தைப் பாருங்கள். அந்தச் சிவப்பிலேயே பெயர் எழுதியிருக்கிறது. அவரும் அந்த வீரர் சபையில் சேர்ந்திருந்தவர்தான். அதே ஆண்டு டிசம்பரில், சிறையிலிருந்து தப்பி ஓடிவிட்ட அவரை, அந்த ஓவியத்தின் முன்னால் கூடித்தான் வீரர்கள் தங்கள் சபையிலிருந்து நீக்கினார்கள். அம்மாவை உட்காரவைத்துவிட்டு அரை மணி நேரம் நில்லுங்கள்.

கார் எடுக்கலாமா? (லண்டன்)

1964 வரை பிரிட்டிஷ் ஆட்சி. அதனால் இடப்பக்க ஓட்டம், மூன்று முனை பிளக், உங்களுக்குப் பழகியதே. ஆனால் நிறுத்த இடம் கிடைக்காது. பேருந்து டிக்கெட் 2 மணி நேரம் செல்லும், மாறிக்கொள்ளலாம். கனமழையில் பேருந்து தாமதமாகும். விமான நிலையத்துக்கு அன்று டாக்சிதான்.

டிசம்பரா, பிப்ரவரியா? (திருச்சி)

நான் பிப்ரவரி என்பேன். டிசம்பரில் 5 மணிக்குள் இருட்டிவிடும். கோடையில் காய்ந்து பழுப்பாகக் கிடக்கும் வயல்கள் பிப்ரவரியில் பச்சையாகி, ஓரமெங்கும் மஞ்சள் புளியாரைப் பூ. 10ஆம் தேதி புனித பவுல் கப்பல் உடைந்து கரையேறியதன் திருவிழா. வல்லெட்டாவில் காகிதத் துணுக்குகள் பனிபோல் கொட்டும்.

குடை எடுத்துவரவா? (திருச்சியிலிருந்தே)

அவர்கள் மொழியில் 'ஷித்தா' என்றால் மழை, 'ஷித்வா' என்றால் குளிர்காலம். மழை இல்லாமல் இருக்காது. ஆனால் குடை வேண்டாம். முதல் நாளே ஒன்றைக் காற்றுக்குக் கொடுத்தேன், கம்பி மட்டும் கையில் இருந்தது.