ஒரு கப் பாஸ்தா எத்தனை கிராம்?

கேள்வி: சமையல் குறிப்பில் '2 கப் பாஸ்தா' என்று போட்டிருக்கிறார்கள். என்னிடம் தராசுதான் இருக்கிறது. எத்தனை கிராம் எடுக்க வேண்டும்?

பதில்: எந்த வடிவப் பாஸ்தா என்று குறிப்பில் இருக்கிறதா, முதலில் பாருங்கள். அது தெரியாமல் கிராம் சொல்ல முடியாது. எல்லா வடிவமும் பெரும்பாலும் ஒரே ரவை மாவுதான். ஆனால் கப்பில் விழும்போது இடையில் எவ்வளவு காற்று நிற்கிறது என்பது வடிவத்துக்கு வடிவம் மாறும். 240 மில்லி கப்பில் தலைதட்டி அளந்தால், வளைந்த சின்ன மக்ரோனி சுமார் 110 கிராம். குழாய் வடிவப் பென்னே 85 கிராம் சொச்சம், திருகு வடிவ ஃபுசில்லி 80, வண்ணத்துப்பூச்சி வடிவ ஃபார்ஃபல்லே 75-ஐ ஒட்டி வரும். அரிசி மணி போன்ற ஓர்சோ நெருக்கமாக அடங்குவதால் 170 கிராம் வரை போகும்.

மக்ரோனிக்கு எழுதிய 2 கப்பை பென்னேயில் அளந்தால் 50 கிராம் குறைந்துவிடும், சாஸ் தண்ணியாக நிற்கும். ஓர்சோவில் அளந்தாலோ 120 கிராம் கூடிப்போய், ஓவனில் வைக்கும் பாஸ்தா வறண்டுவிடும். வடிவத்தை மாற்றினால் கப்பை மறந்துவிட்டு கிராமைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்களும் தோராயமானவைதான். ஒரே பெயரில் வரும் பென்னேயின் நீளமும் தடிமனும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். நீங்கள் வழக்கமாக வாங்கும் பாஸ்தாவை மூன்று முறை அளந்து எடை போட்டு, சராசரியை டப்பா மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். காலிக் கப்பைத் தராசில் வைத்து பூஜ்யமாக்கிய பிறகு நிரப்புங்கள். கப்பைத் தட்டாதீர்கள், குலுக்காதீர்கள். குலுக்கினால் துண்டுகள் இறங்கி எடை கூடிவிடும். பாக்கெட்டின் அடியில் கிடக்கும் உடைசலும் அப்படித்தான் ஏமாற்றும்.

கேள்வி: '8 அவுன்ஸ் பாஸ்தா' என்றால் ஒரு கப்தானே? கப்பிலேயே 8 அவுன்ஸ் என்று போட்டிருக்கிறதே?

பதில்: இல்லை. கப்பில் இருப்பது திரவ அவுன்ஸ், கொள்ளளவு. பாஸ்தாவுக்குச் சொல்வது எடை அவுன்ஸ், ஒன்று 28.35 கிராம், எட்டு சேர்ந்தால் 227 கிராம். மக்ரோனியில் அது இரண்டு கப்புக்கு மேல். ஒரு கப்போடு நிறுத்தினால் பாதிதான் தேறும்.

கேள்வி: 'வெந்த பாஸ்தா 1 கப்' என்றால்?

பதில்: அது வெந்த பிறகு அளக்க வேண்டியது. வெந்த மக்ரோனி ஒரு கப் சுமார் 140 கிராம். வேகும்போது எடை இரண்டு மடங்குக்குச் சற்று மேலே போவதால், உலர்ந்ததாக 60 முதல் 65 கிராம் போட்டால் போதும்.

கேள்வி: ஸ்பகெட்டியைக் கப்பில் எப்படி அளப்பது?

பதில்: அளக்க வேண்டாம். உடைத்துப் போட்டால் துண்டின் நீளத்துக்கேற்ப எடை மாறிக்கொண்டே இருக்கும். தராசு கைவசம் இல்லாதபோது 500 கிராம் பாக்கெட்டை மேஜையில் கொட்டி, நான்கு சம பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கு 125 கிராம்.